இன்குபேட்டரில் குஞ்சு பொரிப்பது: முதல் தடவை அடை வைப்பவர்களுக்கு

கோழி முட்டை குஞ்சாக 21 நாள் ஆகும். தாய்க்கோழி உட்கார்ந்தாலும் சரி, இன்குபேட்டரில் வைத்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். கோழி தன் உடம்பாலேயே செய்துவிடுகிற மூன்று வேலைகளை, அதாவது சூடு கொடுப்பது, ஈரப்பதம் காப்பது, முட்டையைப் புரட்டுவது ஆகியவற்றை, இங்கே நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனாலும் முதல் தடவை பலருக்குச் சரியாக வராததற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். தெர்மோமீட்டர் காட்டுவதை அப்படியே நம்புவது ஒன்று. கடைசி மூன்று நாளில் சும்மா இருக்க முடியாமல் மூடியைத் திறப்பது இன்னொன்று. அதனால் அந்த இரண்டையும் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்றதெல்லாம் சுருக்கமாக.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை யோசித்துவிடுங்கள். பொரிக்கிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். ஓட்டுக்குள் இருப்பது எது என்று முட்டையின் வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. கூர்மையான முட்டை சேவல், உருண்டையானது பெட்டை என்று சொல்வதெல்லாம் வெறும் பேச்சு. அத்தனை சேவலையும் என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு விடை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

முட்டை தேர்வு

கடையில் விற்கும் முட்டை பெரும்பாலும் சேவலே இல்லாத பண்ணையிலிருந்து வருவது. அதில் கரு இருக்காது, எத்தனை நாள் வைத்தாலும் கூமுட்டைதான். சேவலோடு திரியும் கோழிகளின் முட்டைதான் வேண்டும். எட்டிலிருந்து பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். சேவலைப் பிரித்துவிட்டாலும் அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் வரை பெட்டை கருவுள்ள முட்டை இட முடியும். இன்ன சேவலின் குஞ்சுதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நடுத்தர அளவு, சீரான வடிவம், கீறல் இல்லாத ஓடு, இவை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மிகப் பெரிய முட்டையில் இரட்டை மஞ்சள் கரு இருக்க வாய்ப்பு அதிகம், அது பொரிப்பது அரிது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளைக் கோடாகத் தெரிந்துவிடும்.

அழுக்கு முட்டையைக் கழுவி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும். லேசாக ஒட்டிய மண்ணை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். எச்சம் அப்பிய முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே நாளில் வேண்டிய அளவு முட்டை கிடைக்காது, சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும். ஏழு நாள் வரை சேர்க்கலாம். பத்து நாளைத் தாண்டினால் பொரிக்கும் திறன் வேகமாகக் குறையும். 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உள்ள குளிர்ச்சியான இடத்தில், கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஃபிரிட்ஜின் உள்தட்டு இதற்கு மிகக் குளிர். வெயில் படுகிற அறையும் ஆகாது. 20, 21 டிகிரியைத் தாண்டினால் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, பிறகு பலவீனப்பட்டுவிடும். தொலைவிலிருந்து வண்டியில் வந்த முட்டை என்றால் 12 முதல் 24 மணி நேரம் கூர்முனை கீழே இருக்கும்படி அசையாமல் வைத்து, அப்புறம் அடை வையுங்கள். குலுங்கிய காற்றறை, அதாவது பருத்த முனைக்குள் இருக்கும் காற்று இடம், தன் இடத்தில் நிலைக்க அந்த நேரம் வேண்டும்.

இன்குபேட்டரும் அதன் இடமும்

மின்விசிறி உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகை. முடிந்தால் விசிறி உள்ளதையே வாங்குங்கள். பெட்டிக்குள் எல்லா மூலையிலும் ஒரே சூடு இருக்கும், பாதித் தலைவலி அப்போதே குறைந்துவிடும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக அடுக்கடுக்காக நிற்கும். அதிலும் பொரிக்கலாம், ஆனால் தெர்மோமீட்டரை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

பெட்டியை வீட்டுக்குள், வெப்பம் அதிகம் ஏறி இறங்காத அறையில் வையுங்கள். ஜன்னல் வெயில், மேல்விசிறிக் காற்று, ஏசி காற்று எதுவும் நேராகப் படக்கூடாது. முட்டை வைப்பதற்கு முந்தைய நாளே ஓடவிட்டு, 24 மணி நேரம் சூடு நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நாளைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு முட்டையை வைத்துக்கொண்டு திருகியைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

சூடு: இங்கேதான் எல்லாமே இருக்கிறது

விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். விசிறி இல்லாததில், முட்டையின் மேல்பகுதி உயரத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 வரை. ஃபாரன்ஹீட்டில் 101, 102. எண் வேறாக இருந்தாலும் முட்டையின் நடுவில் சேரும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான்.

பழைய எகிப்தில் பெரிய களிமண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தார்கள். தெர்மோமீட்டர் இல்லாத காலம். முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். நமக்கு அந்தத் தேர்ச்சி கிடையாது, கருவியைத்தான் நம்ப வேண்டும். ஆனால் எந்தக் கருவியை?

பெட்டியின் முகப்பில் 37.5 என்று ஒளிர்வது, உணரி (சென்சார்) மாட்டியிருக்கும் இடத்தின் சூடு மட்டுமே. அது முட்டையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சரியாக அளக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மலிவான பெட்டிகளில் ஒரு டிகிரி, சில நேரம் அதற்கு மேலும் தவறாகக் காட்டுவது சகஜம். ஒரு டிகிரிதானே என்று விடமுடியாது. 21 நாளும் ஒரு டிகிரி கூடினால் குஞ்சு ஊனமாகவோ செத்தோ போகும், ஒரு டிகிரி குறைந்தால் தாமதமாகி, பொரித்தாலும் துவண்டு கிடக்கும்.

அதனால் தனியாக ஒரு தெர்மோமீட்டர் வாங்கி, அதையும் சோதித்த பிறகு உள்ளே வையுங்கள். சோதனை எளிது. ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்புகிற அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். சில நிமிடம் கழித்துத் தெர்மோமீட்டரின் முனையை அதில் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். இது முதல் படி. நமக்கு வேண்டிய சூடு 37.5 என்பதால், அந்த அளவிலும் ஒரு தடவை பார்ப்பது இன்னும் நல்லது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் சரியாக இந்த எல்லைக்காகவே செய்யப்பட்டது. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து இரண்டின் முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் கலக்குங்கள். காய்ச்சல் தெர்மோமீட்டர் 37.8 காட்டும்போது மற்றது 37.1 என்றால், உங்கள் கருவி 0.7 குறைவாகக் காட்டுகிறது. அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு அந்தத் தெர்மோமீட்டரில் 36.8 தெரிந்தால்தான் உள்ளே உண்மையில் 37.5.

முட்டையை வைத்ததும் சூடு சட்டென்று இறங்கும். குளிர்ந்த முட்டைகள் சூட்டை இழுத்துக்கொள்வதால் அப்படி. மறுபடி ஏறப் பல மணி நேரம் ஆகும். அதைப் பார்த்துப் பயந்து திருகியைக் கூட்டிவிட்டால் இரவில் 40 டிகிரிக்குப் போய் நிற்கும். கையை எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள். கருவுக்குக் குளிரைவிடச் சூடுதான் பெரிய எதிரி. தாய்க்கோழியே தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் எழுந்து போகிறது, முட்டை கொஞ்ச நேரம் குளிர்கிறது, ஒன்றும் ஆவதில்லை. அதே முட்டை 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் கிடந்தால் தட்டு முழுவதும் போய்விடும்.

மின்சாரம் போனாலும் இதே நிதானம்தான். மூடியைத் திறக்காதீர்கள். காற்றுத்துளைகளை மட்டும் விட்டுவிட்டுப் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். சில மணி நேரம் தாங்கும். நீண்ட நேரம் ஆகும் என்று தெரிந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே அணைத்து வைக்கலாம். மின்சாரம் வந்ததும் வழக்கம்போலத் தொடருங்கள். பொரிப்பது ஒரு நாள் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான்.

ஈரப்பதம்

முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. இது எதற்கு என்று தெரிந்துகொண்டால் எண்ணைப் பார்த்துத் திண்டாட வேண்டியதில்லை. ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டை மெல்ல மெல்லத் தண்ணீரை இழக்கிறது. இழந்த அளவுக்குப் பருத்த முனையில் உள்ள காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டை உடைக்கும் முன் முதல் மூச்சை அங்கேதான் விடும். ஈரம் அதிகமானால் காற்றறை சிறிதாகவே இருந்து, குஞ்சு உள்ளேயே நீரில் திணறும். குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஈரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் தண்ணீரின் ஆழம் பயன்படாது, பரப்புதான் பயன்படும். அரை அங்குலத் தண்ணீர் உள்ள அகலத் தட்டு, நிறையத் தண்ணீர் உள்ள டம்ளரைவிட நன்றாக வேலை செய்யும். தட்டில் ஒரு ஸ்பாஞ்சை நிறுத்தி வைத்தால் இன்னும் ஏறும்.

ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானியும் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், இனி அது காட்டுவதோடு 5 சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமானியையும் தாண்டி ஒரு வழி உண்டு, எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். சமையலறைத் தராசு. 18ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். வைக்கும் நாளில் பத்து முட்டை 550 கிராம் என்றால், 18ஆம் நாள் 480இலிருந்து 490க்குள் நிற்க வேண்டும். ஒன்பதாம் நாள் எடை போட்டால் அதில் பாதியளவு குறைந்திருக்கும். அதிகம் குறைந்திருந்தால் தண்ணீர்ப் பரப்பைக் கூட்டுங்கள், குறையவே இல்லை என்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தண்ணீரே வைக்காமல் முதல் 18 நாளை ஓட்டுபவர்களும் உண்டு.

வைப்பதும் புரட்டுவதும்

முட்டையை முதலில் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்ததை நேராக வைத்தால் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமியும் உள்ளே போகும். பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போடுங்கள். பேனா வேண்டாம்.

எந்தக் கிழமை வைக்கிறீர்களோ, மூன்று வாரம் கழித்து அதே கிழமை பொரிக்கும். வைத்த நாளை எண்ணக்கூடாது, முழு 24 மணி நேரம் ஆன பிறகே ஒன்று. சனிக்கிழமை மாலை வைத்தால் மூன்றாவது வாரப் புதன்கிழமை 18 நாள் முடியும், சனிக்கிழமை குஞ்சு. பொரிக்கும் நாள் விடுமுறையாக அமையும்படி கணக்குப் பார்த்து வைக்கலாம்.

தானாகப் புரட்டும் தட்டு இருந்தால் பருத்த முனை மேலே இருக்கும்படி அடுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படையாக இருப்பதில் ஒரு காரணம் உண்டு: இரவின் நீண்ட நேரம் ஒரே பக்கத்துக்கே தினமும் போகாது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகாமல் இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை புரட்டுங்கள். முதல் வாரம் விட்டுப்போனால் கரு சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

வெளிச்சம் பிடித்துப் பார்ப்பது

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச்சைப் பருத்த முனையில் வைத்துப் பாருங்கள். கைப்பேசி விளக்கே போதும், விரலால் சுற்றி அடைத்துக்கொண்டால் வெளிச்சம் சிதறாது. நல்ல முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தி கால் பரப்பியதுபோலச் சிவப்பு நரம்புகள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவது தெரியும். உள்ளே ஒன்றுமில்லாமல் மஞ்சள் நிழல் மட்டும் தெரிந்தால் கூமுட்டை. நரம்பு இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு சில நாளிலேயே இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடலாம். பழுப்பு ஓட்டில் தெளிவாகத் தெரியாது. சந்தேகமாக இருப்பதை விட்டுவைத்துப் பதினான்காம் நாள் மறுபடி பாருங்கள். அதற்குள் காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்கும். நாற்றம் அடிக்கிற, ஓட்டில் கசிகிற முட்டையை மட்டும் அந்த நிமிடமே வெளியேற்றுங்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால் பக்கத்து முட்டைகளும் கெடும்.

கடைசி மூன்று நாள்

18ஆம் நாள் முடிந்ததும் புரட்டுவதை நிறுத்துங்கள். புரட்டும் தட்டை எடுத்துவிட்டு முட்டைகளைப் படுக்க வையுங்கள். அடியில் சொரசொரப்பான துணியோ ரப்பர் வலையோ விரியுங்கள். வழுக்கும் தரையில் பிறக்கும் குஞ்சுக்குக் கால்கள் இரு பக்கமும் விலகி, பிறகு நிற்கவே வராது. தண்ணீரை நிரப்பி ஈரத்தை 65க்கு மேல் ஏற்றுங்கள். காற்றுத்துளைகளை மூடிவிடாதீர்கள், இப்போதுதான் குஞ்சுகளுக்குக் காற்று அதிகம் தேவை. பிறகு மூடியைச் சாத்துங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காத்திருப்பது எளிது. குஞ்சு வலது சிறகுக்கடியில் தலையை வைத்து, பருத்த முனையைப் பார்த்துப் படுத்திருக்கும். முதலில் உள்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டும். அப்போதுதான் முதல் முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. பெட்டிக்குள்ளிருந்து கீச் கீச் என்று கேட்க ஆரம்பிக்கும். பிறகு அலகின் நுனியில் உள்ள சிறு கூர்ப்பல்லால் ஓட்டை ஓர் இடத்தில் கொத்தும். நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழும்.

அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காது. மணிக்கணக்காக நடக்காது. பயப்படுபவர்கள் இங்கேதான் பயப்படுவார்கள். குஞ்சு சோர்ந்துவிட்டது, உதவ வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அது அந்த நேரத்தில் சவ்வு நரம்புகளில் உள்ள ரத்தத்தையும், மிச்சமுள்ள மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. 12 மணி நேரம், சில குஞ்சுக்கு 24 மணி நேரமும் ஆகும். அதற்கு முன் ஓட்டை உரித்தால் ரத்தம் கொட்டும், மஞ்சள் கரு வெளியே தொங்கும், குஞ்சு பிழைக்காது. இந்த வேலை முடிந்ததும் அதுவே உள்ளே சுழன்று, ஓட்டைச் சுற்றிலும் அறுத்து, தொப்பியைத் தள்ளிவிட்டு நனைந்த உடம்போடு வெளியே விழும்.

நடுவில் மூடியைத் திறந்தால் ஈரம் ஒரு நொடியில் வெளியேறிவிடும். ஏற்கெனவே ஓட்டைத் திறந்துவிட்ட மற்றக் குஞ்சுகளின் சவ்வு காய்ந்து உடம்போடு இறுகிக்கொள்ளும். ஒன்றைப் பார்க்கும் ஆசையில் நாலைக் கெடுப்பதாகிவிடும். பிறந்த குஞ்சுகள் மற்ற முட்டைகளின் மேல் ஏறி உருட்டி விளையாடும், அதைப் பற்றியும் கவலை வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும் என்பதால் பசியும் இல்லை. உலர்ந்து பஞ்சாக உப்பிய பிறகு ஒரே தடவையில், ஒரு நாளுக்குள் எல்லாவற்றையும் எடுங்கள்.

கொத்தி 24 மணி நேரம் தாண்டியும் ஒரு மாற்றமும் இல்லை, சவ்வு தாள்போல வெளுத்துக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஒற்றி, ஓட்டில் ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கலாம். ஒரு துளி ரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். 21ஆம் நாள் முடிந்தும் வராத முட்டைகளுக்கு 23ஆம் நாள் வரை அவகாசம் கொடுங்கள்.

குஞ்சுகள் வெளியே வந்த பிறகு

குஞ்சுகளை வளர்க்க விளக்கு வைத்த வேறொரு பெட்டியை முந்தைய நாளே தயாராகச் சூடாக்கி வையுங்கள். முதல் வாரம் குஞ்சு உயரத்தில் 35 டிகிரி, பிறகு வாரம் சுமார் 3 டிகிரி குறைக்க வேண்டும். விளக்கின் கீழ் ஒன்றோடொன்று நெருக்கியடித்தால் குளிர்கிறது, ஓரங்களுக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்தால் சரி. விளக்கை இரண்டு இடத்தில் கட்டுங்கள், உமியின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். முதலில் தண்ணீர், அப்புறம் தீனி. ஒவ்வொன்றின் அலகையும் ஒரு தடவை தண்ணீரில் தொட்டுக் காட்டினால் பழகிவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிட்டால் மூழ்காது. பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறதா என்று சில நாள் பாருங்கள், அடைத்திருந்தால் வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுங்கள்.

பொரிக்காத முட்டைகள்

முதல் தடவை பன்னிரண்டு வைத்து ஆறேழு குஞ்சு வந்தால் நல்ல பலன்தான். மிச்சத்தை அப்படியே குப்பையில் போடாமல் வெளியே கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். அடுத்த தடவைக்கு வேண்டிய தகவல் அதில்தான் இருக்கிறது. கருவே இல்லை என்றால் குறை சேவலில், அல்லது முட்டை மிகப் பழையது. முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் சேமித்த விதத்தையும் ஆரம்பச் சூட்டையும் சந்தேகப்படுங்கள். முழுக்க வளர்ந்து நீரில் ஊறிச் செத்திருந்தால் ஈரம் அதிகம், சவ்வில் ஒட்டிக் காய்ந்திருந்தால் ஈரம் குறைவு, அல்லது யாரோ மூடியைத் திறந்திருக்கிறார்கள். பிறந்த குஞ்சுகளும் ஒன்று சொல்லும்: 19, 20ஆம் நாளிலேயே வந்துவிட்டால் உங்கள் பெட்டி நினைத்ததைவிடச் சூடாக ஓடுகிறது, 22, 23க்கு இழுத்தால் குளிராக. தெர்மோமீட்டர் என்ன சொன்னாலும் சரி, குஞ்சுகள் வந்த நாளை நம்பி அடுத்த தடவை அரை டிகிரி மாற்றுங்கள்.

பெட்டியில் ஒட்டிய பஞ்சும் ஓட்டுத்தூளும் அன்றைக்கே கழுவப்பட வேண்டும். காய விட்டால் சுரண்டினாலும் வராது. மின்பாகங்களில் தண்ணீர் படாமல் சோப்பு நீரால் துடைத்து, கிருமிநாசினி தெளித்து, மூடியைத் திறந்துவைத்து முழுக்க உலர்ந்த பிறகு அடுத்த அடைக்கு எடுத்து வையுங்கள்.